எச்சரிக்கை எந்தப் படியில் வர வேண்டும்?

தம்பி, பாளையங்கோட்டையிலிருந்து ஸ்டுட்கார்ட்டில் உள்ள மென்பொருள் நிறுவனமொன்றுக்கு, பயனர் வழிகாட்டிகளை எழுதும் டெக்னிக்கல் ரைட்டராகப் போகவிருப்பதாகவும், வாடகை, சாப்பாடு, குளிர், வேலை ஆகியவற்றில் எதற்குத் தயாராக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் குளிரையும் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு; அரிசிக்கும் அங்கே பஞ்சமில்லை. வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்த கர்வத்தோடு 2006-இல் அங்கே போய் இறங்கியவன் நான். நாற்பது சொல் வாக்கியங்களை அழகென்று நம்பியிருந்தேன். விமானத் துறைக்கென உருவான எளிய ஆங்கில விதிகள், செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்கின்றன. எங்கள் குழுவும் அதையே பின்பற்றியது. கர்வம் ஒரு மாதத்தில் கரைந்தது.

அதைவிடப் பெரிய அடி, பழைய பதிவுகளை நீக்கும் பக்கத்தை எழுதியபோது விழுந்தது. பொறியாளர் தந்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மென்பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல், நான்காம் படியில் ‘நீக்கு’ பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக ‘நீக்கியவற்றை மீட்க முடியாது’ என்று எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் ஒரு வரியைப் படித்து அதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவருடைய பதிவுகள் போய்விட்டன. ஜெர்மனியில் வழிகாட்டிப் பிழையால் சேதம் நேர்ந்தால் உற்பத்தியாளரே பொறுப்பேற்க நேரிடும் என்பதால், விஷயம் மேலிடம்வரை போனது.

விடுமுறைக்கு இப்போது வண்ணார்பேட்டை வீட்டில் இருக்கிறேன். இன்று காலை குறுக்குத்துறையில் ஒரு பெரியவர், பேரன் ஆற்றில் கால் வைப்பதற்கு முன்பே, “அங்கன கசம் கெடக்குல, இந்தப் படியோட நில்லு” என்றார். கசம் என்றால் ஆற்றின் ஆழமான பள்ளம். சிறுவயதில் என் அப்பாவும் அதே படியில் அப்படித்தான் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் எச்சரிக்கையை ஐந்தாம் படியில் வைத்தேன்.

அங்கே பொறியாளர்களாக இருக்கும் நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புரோகிராம் எழுத வராதவர்கள்தான் டாக்குமென்ட் எழுதப் போவார்கள் என்று பொங்கல் விழாவில் உங்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். புதிய பதிப்பு வெளியாகும்போது ‘பல பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று, எந்தப் பிழை என்றே சொல்லாமல் எழுதித் தருபவர்களும் அவர்களே. அவர்களிடம் மூன்று முறையானாலும் கேளுங்கள். புரியாமலே தலையாட்டும் நம் மரியாதை அங்கே செல்லாது.

போவதற்குள், வழிகாட்டிகளைச் சிறு சிறு பகுதிகளாக எழுத உதவும் டிட்டா (DITA) என்ற முறையைப் பழகிக்கொள்ளுங்கள். செய்முறையையும் விளக்கத்தையும் தனித்தனியே பிரித்து எழுதும் பழக்கம் அதில் வரும். முதல் பக்கத்தை எழுதியதும், சோதனை சர்வரில் ஒவ்வொரு படியையும் உங்கள் கையால் செய்து பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.