சர்வ்லெட் கொஞ்ச நேரம் இல்லையா, இனிமேலே இல்லையா? கேள்வி பதில்

வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். எல்லையோர எடைமேடைகளுக்கு ஜாவாவில் ரசீது மென்பொருள் எழுதுவது என் வேலை. சர்வ்லெட் (வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) முடங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, டேட்டாபேஸ் விழுந்தபோது அன்அவைலபிள் எக்ஸப்ஷனை (சர்வ்லெட் இப்போது கிடைக்காது என்று சொல்லும் பிழை) த்ரோ செய்தேன். டேட்டாபேஸ் எழுந்துவிட்டது, பக்கம் மட்டும் 404 (அப்படி ஒன்று இல்லை) என்றே நிற்கிறது. ஏன்?

செய்தியை மட்டும் கொடுத்து த்ரோ செய்திருப்பீர்கள் தம்பி. அப்படிச் செய்தால் அது நிரந்தரம். "இந்த சர்வ்லெட் இனி வராது" என்று கன்டெய்னர் (சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வர் மென்பொருள்) எடுத்துக்கொண்டு, டெஸ்ட்ராயை (சர்வ்லெட்டை முடித்துவைக்கும் மெத்தட்) அழைத்துச் சேவையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பதே சர்வ்லெட் விதி. பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் 404. டேட்டாபேஸ் எழுந்ததா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆப்பை ரீலோட் செய்தால்தான் உண்டு. செய்தியோடு இரண்டாவதாக விநாடிக் கணக்கையும் கொடுங்கள். அப்போது அது தற்காலிகம்: 503 (இப்போதைக்குச் சேவை இல்லை) போகும், கூடவே எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டரும் போகும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளவும் கன்டெய்னருக்கு விதி இடம் தருகிறது. டாம்கேட் என்ற கன்டெய்னர் பிரித்துப் பார்க்கிறது. நீங்கள் வேறு எதிலாவது ஓட்டினால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு கோரிக்கையில் ஒரு வினவல் தவறியதற்கெல்லாம் இந்த எக்ஸப்ஷன் தேவையே இல்லை. அந்த ஆளுக்கு மட்டும் நீங்களே 503 அனுப்பினால் போதும். இது ஒருவரை அல்ல, வரிசையையே திருப்பி அனுப்பும் கருவி.

நகரி: எத்தனை விநாடி என்று தெரியாவிட்டால்?

பூஜ்யமோ மைனஸோ கொடுத்தால் "மதிப்பீடு இல்லை" என்று அர்த்தம். டாம்கேட் அதை 60 விநாடியாக வைத்துக்கொள்ளும்.

குமுளி: இனிட்டிலேயே (சர்வ்லெட் தொடங்கும்போது ஓடும் மெத்தட்) த்ரோ செய்தால் என்ன வித்தியாசம்?

அங்கே டெஸ்ட்ராய் அழைக்கப்படாது. பிறக்காததை எப்படி முடித்துவைப்பது? ஆகவே இனிட்டில் பாதி திறந்த கனெக்‌ஷனை நீங்களே மூடிவிட்டு த்ரோ செய்யுங்கள். விநாடி கொடுத்திருந்தால், அது கழிந்த பிறகே கன்டெய்னர் புது இன்ஸ்டன்ஸை முயலும். சாதாரண சர்வ்லெட் எக்ஸப்ஷன் என்றால் அந்தக் காத்திருப்பு இல்லை. டாம்கேட் அடுத்த கோரிக்கையிலேயே மறுபடி இனிட்டை ஓட்டும். கனமான இனிட் என்றால் படுத்துக் கிடக்கிற டேட்டாபேஸை ஒவ்வொருவரும் வந்து தட்டுவார்கள். விநாடி கொடுப்பதன் முழு லாபமும் இங்கேதான்.

செங்கோட்டை: நாங்கள் எழுதுவது ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில். ஒரு கன்ட்ரோலரில் (கோரிக்கையைக் கையாளும் எங்கள் கிளாஸ்) இதை த்ரோ செய்தோம், மொத்த ஆப்பும் போய்விட்டது.

போகத்தான் செய்யும். கன்டெய்னரின் கண்ணுக்கு உங்கள் கன்ட்ரோலர் தெரியாது, எல்லாக் கோரிக்கையையும் வாங்கிக் கன்ட்ரோலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாட்சர் சர்வ்லெட் ஒன்றுதான் தெரியும். வழியில் யாரும் பிடிக்காமல் எக்ஸப்ஷன் வெளியே வந்தால், முடங்குவது அந்த ஒற்றை சர்வ்லெட்; அதன் பின்னால் இருக்கிற எல்லா முகவரியும் சேர்ந்து முடங்கும். ஸ்பிரிங்கில் இதைத் தொடாதீர்கள். 503 ஸ்டேட்டஸையும் ஹெட்டரையும் கன்ட்ரோலரே அனுப்பட்டும்.

சித்தூர் (ஆந்திரத்துச் சித்தூர்; எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம்): அப்படியானால் நிரந்தரத்தை எப்போதுதான் பயன்படுத்துவது?

மனிதர் கை வைக்காமல் சரியாகாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். கான்ஃபிக் கோப்பில் கட்டாய மதிப்பே இல்லை, வேண்டிய கிளாஸ் ஜாரில் இல்லை, இப்படி. நெட்வொர்க், டேட்டாபேஸ், பக்கத்து சர்வர் எதுவானாலும் தற்காலிகம்தான். ஆனால் ஒரு பக்கத்தையே வேண்டுமென்று எடுத்துவிட்டீர்கள் என்றால், அதற்கு எக்ஸப்ஷன் வேண்டாம், 410 (பக்கம் எடுக்கப்பட்டுவிட்டது) அனுப்புங்கள்.

களியக்காவிளை: ஃபில்டரில் (கோரிக்கை சர்வ்லெட்டுக்குப் போகும் வழியில் சங்கிலியாக ஓடும் நிரல்) த்ரோ செய்தால்?

அந்தச் சங்கிலியில் மேற்கொண்டு எதுவும் ஓடாது. நிரந்தரம் இல்லையென்றால் கன்டெய்னர் பிறகு மறுபடி முயலலாம். முயன்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை நம்பி எதையும் கட்டாதீர்கள். அப்புறம், டாம்கேட் 10-க்கு மாறியவர்கள் இம்போர்ட்டில் ஜாவாக்ஸ் (javax) என்ற பேக்கேஜ் பெயரை ஜகார்த்தா (jakarta) ஆக்க மறக்க வேண்டாம். பழைய பெயரில் கம்பைலே ஆகாது.