கேள்வி பதில்: இலேசான இரவுச் சாப்பாடும் எப்போதாவது ஓர் இனிப்பும்

கேள்வி: இரவில் வயிற்றுக்கு இலேசாக இருக்கட்டும் என்று காய்கறி சூப் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் காய் வெந்த வெந்நீரைப் போலவே இருக்கிறது. கார்ன்ஃப்ளார் மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டியாகிறதே தவிர, ருசி வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: மாவு கெட்டியாக்கும், ருசி தராது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். எல்லாக் காய்களையும் ஒன்றாகத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுவதுதான் தவறு என்று நினைக்கிறேன். சூப்பின் ருசி பெரும்பாலும் வெங்காயத்தில் இருக்கிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். நடுத்தர அளவு வெங்காயம் ஒன்றைப் பொடியாக நறுக்கி, 2 தேக்கரண்டி எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்புடன் போட்டு, மூடிவைத்து, மிகச் சிறு தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் சிவக்க வேண்டியதில்லை; கண்ணாடி போலாகி, கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வந்தால் போதும். அதன்பின் 250 கிராம் கேரட், ஓர் உருளைக்கிழங்கு, கழுவிய மைசூர் பருப்பு ஒரு கைப்பிடி, 750 மில்லி தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து, 20 முதல் 25 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால், கிழங்கும் பருப்பும் குழைந்து தாமாகவே கெட்டித்தன்மையைத் தந்துவிடும். பாதியை மட்டும் அரைத்து மீண்டும் கலப்பது என் வழக்கம், ஏனென்றால் முழுவதும் கூழாகிவிட்டால் மெல்லுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. கொதிக்கும் சூப்பை மிக்ஸியில் ஊற்றி மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். ஆறவிட்டு அரைப்பதே பாதுகாப்பு. உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறும்போது பிழியுங்கள். புளிப்பு பட்டபடியே கொதித்தால் பச்சைக் காய்கள் மங்கிப் பழுப்பாகிவிடும்.

கேள்வி: முட்டைப் பொடிமாஸ் செய்தால் ரப்பர் போலாகி, தட்டில் தண்ணீரும் விடுகிறது. முட்டை பழையதாக இருக்குமோ?

பதில்: முட்டையைக் குறை சொல்ல வேண்டாம், தீ அதிகம். முட்டையின் வெள்ளைக்கரு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்குகிறது. சூடு மேலும் ஏற ஏற, அதன் புரதங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து, தம்மிடையே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. தட்டில் நீங்கள் பார்க்கும் தண்ணீர் அதுதான். 2 முட்டையை உப்புடன் நன்றாக அடித்து, ஒரு தேக்கரண்டி வெண்ணெய் உருகிய வாணலியில் ஊற்றி, சிறு தீயில் விடாமல் கிளறிக்கொண்டே இருந்து, ஓரிரு இடங்களில் ஈரப் பளபளப்பு மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதியை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும். சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஈரம் இல்லாமல் முழுதாக வேகவையுங்கள். தக்காளியோ காளானோ சேர்ப்பதானால், அவற்றைத் தனியாக வதக்கி நீர் வற்றியபின் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மதியம் மீந்த சோற்றை மேசைமேலேயே விட்டு, இரவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தபின்னும் சாகாமல் இருக்கக்கூடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அப்படி வைத்த ஒரு கப் சோற்றுடன் 3 கப் தண்ணீர், துருவிய கேரட், சிறு துண்டு இஞ்சி சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவிட்டால், உடம்பு சரியில்லாதவர்களும் சாப்பிடக்கூடிய இலேசான கஞ்சி கிடைக்கும்.

கேள்வி: மாதம் ஒருமுறை வீட்டில் கேரமல் கஸ்டர்ட் செய்கிறேன். ருசி நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெட்டினால் உள்ளே தேனடை போல ஓட்டைகள். அடுப்பில் ஆவியில்தான் வேகவைக்கிறேன்.

பதில்: பொடிமாஸில் தண்ணீர் விட்டது போன்ற கதைதான் இதுவும். கலவை அளவுக்கு மீறிச் சூடாகும்போது உள்ளே குமிழிகள் கிளம்புகின்றன; அவை நின்ற இடங்களே ஓட்டைகளாகத் தங்கிவிடுகின்றன.

முதலில் 75 கிராம் சர்க்கரையை 2 மேசைக்கரண்டி தண்ணீருடன் அடுப்பில் வைத்து, கரண்டி போடாமல், பாத்திரத்தை மட்டும் அசைத்துப் பாகாக்குங்கள். கிளறினால் சர்க்கரை மீண்டும் மணல் மணலாகிவிடும். கருந்தேன் நிறம் வந்த நொடியே அச்சுப் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள், தயங்கினால் கசக்கும். இந்தப் பாகு கொதிநீரைவிட மிகச் சூடானது என்பதால் குழந்தைகளை அருகில் விடாதீர்கள். அடுத்து 500 மில்லி பாலை வெதுவெதுப்பாக்கி, அதில் 75 கிராம் சர்க்கரையைக் கரைத்து, நுரை வராமல் கலக்கிய 4 முட்டையுடன் சேர்த்து, வடிகட்டி அச்சில் ஊற்றுங்கள். அடித்து நுரைத்த முட்டையும் ஓட்டைகளுக்கு ஒரு காரணம். மூடியிலிருந்து ஆவி நீர் சொட்டாதபடி அச்சை இறுக மூடி, அடியில் உள்ள தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் இலேசாகச் சலசலக்கும் தீயில் 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்து நேரம் கூடலாம், குறையலாம். ஓரம் இறுகி, அசைத்தால் நடுப்பகுதி மட்டும் நடுங்குவதே சரியான பதம். ஆறியபின் ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தால், அடியில் கல்லாகக் கிடந்த பாகு கஸ்டர்டின் ஈரத்தில் கரைந்து தானாகவே சாறாகிவிடும். பாகு காய்ச்சிய பாத்திரத்தைச் சுரண்டிக் கைநோகத் தேவையில்லை; தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் போதும்.

கேள்வி: நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை. இதையே முட்டை இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: இதே பண்டம் வராது, ஆனால் நல்ல பால் புட்டிங் செய்யலாம். அரை கப் குளிர்ந்த பாலில் 4 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, 50 கிராம் சர்க்கரை சேர்த்துச் சூடாக்கிய 450 மில்லி பாலில் மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். முட்டைக்குச் சொன்னதற்கு இங்கே நேர்மாறு: கெட்டியானதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டால்தான் பச்சை மாவு வாடை போகும். ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் போடாதீர்கள். உமிழ்நீரில் உள்ள நொதி மாவைக் கரைத்து, புட்டிங்கை நீர்க்கவைத்துவிடும். ஆறும்வரை அவ்வப்போது கிளறிக்கொண்டிருந்தால் மேலே ஏடு படியாது. ஏடுதான் வேண்டும் என்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைத்து, கிளறாமல் விட்டுவிடுங்கள்.