ஸ்கானில் ஒன்றுமில்லை, நோ மட்டும் இருக்கு

புலம்பெயர்ந்த எம்மவரின் உடல்நோ பற்றி வந்த கேள்விகளுக்குக் குடும்ப வைத்தியர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (பேர்ண்): ரெஸ்ரோறன்ற் குசினியில கனகாலமா வேலை. நாரி நோ, தோள் உளைவு. எம்ஆர்ஐயில ஒண்டுமில்லையாம். 'ஸ்ட்ரெஸ்' எண்டு சொல்லி அனுப்பிவிட்டினம். நான் நடிக்கிறன் எண்டு நினைக்கினமோ?

பதில்: உங்கட நோ உண்மையானது, அண்ணை. வருசக்கணக்கா நித்திரை கெட்டு, வழக்கு, கடன், ஊர்க்கவலை எல்லாம் சேர்ந்தால் தசைகள் இறுகியே கிடக்கும். நரம்புகளும் சின்ன நோவைப் பெரிதாக்கி உணரப் பழகிவிடும். அது எம்ஆர்ஐ படத்தில் விழாது. அதை விளங்கப்படுத்தாமல் ஒற்றைச் சொல்லோடு அனுப்பியது சரியில்லை.

அடுத்தமுறை நோ எங்கே என்பதோடு நிறுத்தாதீங்கோ. வேலை எத்தனை மணிக்கு முடியுது, இரவில் எப்ப முழிப்பு வருது, வதிவிட அனுமதி என்ன நிலையில் இருக்கு, ஊரில் யாருக்குக் காசு அனுப்புறீங்கள் என்பதையும் சொல்லுங்கோ. அதுவும் நோயின் வரலாறுதான். கால் மரத்தாலோ, சலம் அடக்க முடியாமல் போனாலோ மட்டும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கோ.

நீங்கள் இருக்கிற சுவிஸிலேயே 1688இல் யொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக எழுதிவைத்தார். பேர்ணிலிருந்து பாசலுக்குப் போன ஓர் இளைஞர் சாகக் கிடந்து, வீட்டுக்கு அனுப்பியதும் தேறிய கதை அதில் இருக்கு. இடைத்தூரம் 100 கிலோமீட்டர் அளவுதான்!

கேள்வி (ரொறன்ரோ): மே மாதம் வந்தால் அம்மாவுக்கு நெஞ்சு நோ, மூச்சுமுட்டு. நான்தான் கூடப் போய் மொழிபெயர்க்கிறேன்.

பதில்: முள்ளிவாய்க்கால் நினைவுநாள் நெருங்க இப்படி வருவதை நிறையப் பார்க்கிறேன், தங்கச்சி. ஆனாலும் முதலில் இதயத்தைப் பார்க்கவேணும். தெற்காசியருக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது, நீரிழிவு இருந்தால் அறிகுறியும் மாறித் தெரியும். ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்யாமல் மனக்கவலை என்று முடிவுகட்ட விடாதீங்கோ.

இதயம் சுகமாக இருந்தால், அடுத்த சந்திப்புக்கு மருத்துவமனையிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கோ. பங்கருக்குள் நடந்ததை, பறிகொடுத்த பிள்ளையை, உடம்புக்கு நேர்ந்ததைப் பெத்த மகளின் வாயால் சொல்லவைக்க எந்தத் தாயும் விரும்பமாட்டா. "நெஞ்சு நோகுது" என்பதோடு நிறுத்திவிடுவா. நீங்கள் வெளியில் இருங்கோ.

கேள்வி (கேல்ன்): எங்கட சனத்துக்கு மட்டுமோ இது?

பதில்: இல்லை. ஜெர்மனி துருக்கியோடு செய்த 1961 ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்தின்பின் வந்த துருக்கித் தொழிலாளரும் உடம்பு முழுக்க நோ என்று சொன்னார்கள். சில வைத்தியர்கள் அதற்கு, துருக்கியின் பொஸ்போரஸ் நீரிணையை வைத்து, 'பொஸ்போரஸ் வியாதி' என்று பெயர் சூட்டி நக்கலடித்தார்கள். வெட்கக்கேடு. கம்போடிய அகதிகள் உடம்புக்குள் காற்று மேலேறி, கழுத்து நொந்து, காது இரைவதாகச் சொல்வார்கள். வாய்வு ஏறுது என்கிற எங்கட அம்மம்மாவுக்கு அது உடனே விளங்கும். அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 2013 பதிப்பு அதைப் பதிவுசெய்திருக்கு.

கேள்வி (லண்டன்): நோவுக்குத் தந்த குளிசை மனஅழுத்தக் குளிசையாம். எனக்கென்ன விசரோ?

பதில்: இல்லை ஐயா. அமிற்றிப்டிலின் போன்றவை குறைந்த அளவில் நரம்பு நோவுக்கே கொடுக்கப்படுகின்றன. நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கோ.

கேள்வி (ஒஸ்லோ): மாரி தொடங்கினால் எலும்பெல்லாம் உளையுது. இதுவும் மனசாலயோ?

பதில்: விற்றமின் டியை முதலில் பாருங்கோ. அங்கத்தைய மாரி வெயிலில் எந்தத் தோலிலும் அது போதியளவு உருவாகாது, எங்கட நிறத்துக்கு மற்ற மாதங்களிலும் கூடநேரம் வெயில் வேணும்.