சோறும் பருப்பும் சேர்ந்தால் புரதம் முழுமையாகும் என்கிறார்களே, ஏன்?

புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் சிறு துண்டுகளைக் கோத்த சங்கிலி. தசை, தோல், முடி எல்லாம் அதைக் கொண்டுதான் கட்டப்படுகின்றன. துண்டுகள் 20 வகை. அவற்றில் 9 வகையை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

அந்த ஒன்பதில் லைசின் என்னும் துண்டு அரிசியில் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் என்னும் இன்னொரு துண்டு குறைவு. ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. கதம்பம் தொடுப்பதைப் பாருங்கள்: மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று முறை வைத்துக் கட்டும்போது கனகாம்பரம் தீர்ந்துவிட்டால், கூடையில் மல்லி குவிந்திருந்தும் சரம் அங்கேயே நின்றுவிடும். மிஞ்சிய மல்லியை உடம்பு பத்திரப்படுத்தியும் வைக்காது. எரித்துவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் தேவை. 60 கிலோ என்றால் 48 கிராம். வேகவைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. நம் வீடுகளில் கோட்டை விடுவது சாம்பாரில்தான். தலைக்கு 30 கிராம் பருப்பு போட்டால் ஆளுக்கு 6 கிராமுக்கு மேல் கிடைக்கும். அதே 30 கிராமைத் தண்ணீர் விட்டு நாலு பேருக்கு நீட்டினால் 2 கிராம்கூடத் தேறாது. (ரசத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.)

இரண்டையும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டால்தான் பலன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காலையில் பழைய சோறு, மாலையில் சுண்டல் என்று ஒரே நாளுக்குள் வந்தாலே போதும்.