பெரியம்மை ஒழிந்த பிறகும் அந்நோய்க்குரிய யொரூபா தெய்வத்தை இன்னும் வணங்குவது ஏன்?

பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பிறகும் அந்நோயின் யொரூபா தெய்வமான ஷொப்பொனாவுக்கு வழிபாடு தொடர்வது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அவரை ஒரே நோயின் தெய்வமாகச் சுருக்கிப் பார்ப்பதால்தான் அந்த வியப்பு எழுகிறது என்பது என் எண்ணம்.

தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மக்கள் அவருடைய பெயரை உரக்கச் சொல்லவே அஞ்சி, ஒபாலுவாயே முதலிய பட்டங்களால் குறித்தார்கள். நோயைத் தருபவரும் அவரே, நீக்குபவரும் அவரே. அண்டையிலுள்ள ஃபோன் மக்களிடம் அவர் சக்பாட்டா, மண்ணுக்கு உரியவர். அம்மையில் இறந்தவரை அடக்கம் செய்யும் உரிமை யொரூபா பூசாரிகளிடம் இருந்தது. இறந்தவரின் உடைமைகளும் அவர்களையே சேர்ந்தன. இதைக் காட்டி, பூசாரிகளே நோயைப் பரப்புகிறார்கள் என்று குற்றம்சாட்டிய பிரிட்டிஷ் காலனி அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வழிபாட்டைத் தடை செய்தது. (ஆள்பவர்கள் ஆளப்படுபவர்களின் பூசாரிகளைப் பற்றிச் சொன்னது என்பதால், இதை நான் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன்.)

அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு அத்தெய்வமும் கடல் கடந்தபோது, தண்டிப்பவர் என்ற முகம் பின்னுக்குப் போய், தாமே நோயுற்றவர் என்ற முகம் முன்னே வந்தது. ஆப்பிரிக்க வழிபாடுகளிலிருந்து உருவான பிரேசிலின் கந்தோம்பிளே சமய மரபில் அவர் இளமையில் ஒபாலுவாயே, முதுமையில் ஒமோலு. புண்ணோடு பிறந்ததால் தாய் நனான் கடற்கரையில் கைவிட்டுச் சென்ற குழந்தையைக் கடல் தெய்வமான இயெமஞ்சா எடுத்து வளர்த்தாள் என்கிறது கதை. தழும்புகளை மறைக்கவே அவர் தலைமுதல் கால்வரை நார்த்திரை அணிகிறார். ஒரு விழாவில் காற்றின் தெய்வமான இயன்சான் அத்திரையை ஊதி விலக்க, புண்களெல்லாம் சோளப்பொரியாகத் துள்ளித் தெறித்து, உள்ளிருந்து பேரழகன் ஒருவன் வெளிப்பட்டானாம். அதனால்தான் பொரி அவருக்குரிய படையல். சல்வடோர் நகரில் அதை உடல்மீது சொரிந்து நோய் நீங்க வேண்டிக்கொள்கிறார்கள். ஆகஸ்டில் நடக்கும் ஒலுபாஜே விருந்தில் அவருடைய உணவை இலைகளில் வைத்து எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள்.

கியூபாவில் அவர் பாபாலு ஆயே. கத்தோலிக்க முகத்தில் சான் லாசரோ, அதாவது புனித லாசரு. டிசம்பர் 17 அன்று திருச்சபை நினைவுகூர்வது இயேசு உயிர்ப்பித்த லாசருவை. மக்கள் மனத்தில் இருப்பவரோ லூக்கா நற்செய்தியின் உவமையில் வரும் ஏழை லாசரு: ஊன்றுகோலும், புண்களை நக்கும் நாய்களுமாக நிற்பவர். இந்த வேறுபாடு பக்தர்களை உறுத்துவதாகத் தெரியவில்லை. ஹவானாவுக்கு அருகே எல் ரின்கோனில் உள்ள அவருடைய ஆலயத்துக்குச் சாக்குத்துணி உடுத்தியும், முழந்தாளிட்டும், காலில் கல்லைக் கட்டி இழுத்தும் நேர்த்திக்கடன் தீர்க்க வருகிறார்கள். அவ்வாலயத்தை ஒட்டியிருந்தது தொழுநோய் மருத்துவமனை. எய்ட்ஸ் பரவிய காலத்தில் அந்நோயாளிகளும் அவரையே நாடினார்கள்.