கொரோனாவில் பூட்டிக் கிடந்த நூலகம்: மகளை நூலக அறிவியல் படிக்கவைக்கலாமா?

ஒரு தந்தையின் கேள்வி: மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறாள். ஐ.டி. வேலைக்குப் போகச் சொன்னால், நூலக அறிவியல் படிக்கப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். கொரோனா சமயத்தில் எங்கள் ஊர் நூலகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, ஊரில் ஒரு வேலையும் நிற்கவில்லை. இப்போது எல்லாமே செல்போனில் வந்துவிட்டது. இந்தப் படிப்பை நம்பிப் பெண்ணைச் சேர்க்கலாமா?

ஐயா, உங்கள் கவலையில் பாதி நியாயமானது. 2020 மார்ச்சில் மூடிய நூலகங்கள் தமிழ்நாட்டில் செப்டம்பரில்தான் திறந்தன. டாஸ்மாக் கடைகள் மே மாதமே திறந்துவிட்டன. அரசின் அவசரப் பட்டியலில் நூலகம் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் ஒரு வேலையும் நிற்கவில்லை என்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். மாவட்ட மைய நூலகத்தில் சொந்த நூல் படிப்போர் பகுதி என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். குரூப் 4, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம்பிடித்துச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒற்றை அறை வீட்டில் டிவி ஓட, தம்பி தங்கை சண்டை போட, எங்கே போய்ப் படிப்பது? மேசையும் மின்விசிறியும் காசில்லாமல் கிடைத்த ஒரே இடம் அதுதான். அந்தப் பிள்ளைகள் கொடி பிடித்துக் கேட்கவில்லை. அதனால் உங்களுக்கும் எனக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகளின் வேலைவாய்ப்பை எடைபோட, கட்டடம் பூட்டியிருந்ததை மட்டும் பார்த்தால் போதாது. பூட்டியபின் நூலகத்தில் எந்த வேலை நின்றது, எந்த வேலை புதிதாக முளைத்தது என்று பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் நூலகங்களுக்கு முதலில் வந்த சிக்கல், திரும்பிவரும் புத்தகத்தை எப்படித் தொடுவது என்பது. ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு, பேட்டல் ஆய்வு நிறுவனத்தோடும் அந்நாட்டு அரசின் நூலகத் துறை நிறுவனத்தோடும் சேர்ந்து 2020இல் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, பிளாஸ்டிக் உறை, டிவிடி பெட்டி என்று நூலகத்தில் புழங்கும் பொருட்களில் கிருமி எத்தனை நாள் தங்குகிறது என்று பார்த்தார்கள். தனித்தனியாகப் பரப்பிவைத்தவற்றில் மூன்று நாளுக்குப் பிறகு கிருமி தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தபோது ஆறு நாள் கழித்தும் இருந்தது. வாசகர் திருப்பிய புத்தகங்கள் பெட்டிக்குள் அடுக்காகத்தானே விழும்? இந்த முடிவு வந்ததும் நூலகரின் கணக்கெல்லாம் மாறிவிட்டது. திரும்பிவந்த புத்தகங்களைச் சில நாள் தனியே பரப்பிவைக்க இடம் வேண்டும். எந்த மேசையில் எந்தத் தேதிக் கட்டு என்று எழுதிவைக்க வேண்டும். வாசகர் திங்கட்கிழமையே திருப்பிவிட்டார், கணினியில் மட்டும் இன்னும் அவர் பெயரில் நிற்கிறது, அந்த நாட்களுக்கு அபராதம் ஏறக்கூடாது. அதே புத்தகத்துக்குக் காத்திருக்கும் அடுத்தவருக்கும் தாமதத்தைச் சொல்லவேண்டும். 2021 ஏப்ரலில், பொருட்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. உடனே இந்த ஏற்பாட்டையெல்லாம் கலைக்கவேண்டி வந்தது. மாறிக்கொண்டே இருக்கும் தகவலைப் படித்து, அதை அன்றாட நடைமுறையாக்கி, வாசகரிடம் பொறுமையாக எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் நூலகர்.

"எல்லாம் செல்போனில் வந்துவிட்டது" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்பை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நூலகம் சட்டப்படி வாங்கும் மின்னூல் வேறு கதை. பெரும்பாலும் ஒரு உரிமத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு வாசகர்தான் எடுக்கமுடியும். சில பதிப்பகங்களின் உரிமம் இரண்டு ஆண்டில் காலாவதியாகிவிடும், திரும்பக் காசு கட்டவேண்டும். மேக்மில்லன் என்ற பதிப்பக நிறுவனம் 2019 நவம்பரில் இன்னும் இறுக்கியது: புதுப் புத்தகம் வெளிவந்து எட்டு வாரம் வரை, எவ்வளவு பெரிய நூலக அமைப்பாக இருந்தாலும் ஒரே ஒரு மின்பிரதிதான். நூலகர்கள் கொதித்துப்போய் எதிர்த்தார்கள். ஊரெல்லாம் அடைபட்ட 2020 மார்ச்சில் அந்த நிறுவனம் விதியைக் கைவிட்டது. அதே மாதம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் தன் ஸ்கேன் செய்த நூல்களைக் காத்திருப்போர் வரிசையே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, ஜூனில் அந்தச் சேவையை மூடினார்கள், 2023இல் தீர்ப்பும் பதிப்பகங்கள் பக்கமே வந்தது. குழந்தைகளுக்கு நேரலையில் கதை படித்துக்காட்டக்கூடப் பதிப்பாளரின் அனுமதி வேண்டியிருந்தது. உரிமம் படிக்கத் தெரிந்தவர், பட்ஜெட்டுக்குள் பேரம் பேசத் தெரிந்தவர் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

இதற்கிடையில் கட்டடம் பூட்டியிருந்தாலும் வைஃபையை அணைக்காமல் விட்ட நூலகங்கள் உண்டு. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள் வாகன நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். தொலைபேசியில் கேட்ட புத்தகத்தை நூலகர்கள் வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் கிளைகள் 2020 ஏப்ரலிலிருந்து ஜூன் முடிய மூடியிருந்தபோது, அங்குள்ள தமிழ் வாசகர்களுக்கு வாரியத்தின் செயலியில் தமிழ் மின்னூல்கள் இருந்தன.

நம் ஊரில்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஏற்கெனவே இருந்தது கைகொடுத்தது. ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் வீட்டிலிருந்து படிப்போருக்கென்று தனித் தொகுப்பே வெளியிட்டது. ஆனால் கிளை நூலகங்கள் பெரும்பாலும் சாவியோடு காத்திருந்தன. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948இல் நம் மாகாணம்தான். இன்றும் நீங்கள் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். அந்தப் பெருமைக்கும் பணத்துக்கும் ஏற்ற வேகம் அந்த மாதங்களில் இல்லை. 2022இல்தான் நூலக நண்பர்கள் திட்டம் வந்தது, தன்னார்வலர்கள் முதியோர் வீட்டு வாசலுக்கே புத்தகம் கொண்டுபோகிறார்கள். இந்தப் பின்தங்கலைத்தான் உங்கள் மகளுக்கான இடம் என்று நான் பார்க்கிறேன். நூலகமும் தெரிந்து கணினியும் தெரிந்த ஆள் இந்தத் துறையில் குறைவு.

இனி நீங்கள் நிஜமாகக் கேட்க நினைப்பது சம்பளம். எந்தப் பட்டம் முடித்தவரும் நூலக அறிவியலில் ஓராண்டு இளநிலைப் படிப்பான பி.எல்.ஐ.எஸ்சி. சேரலாம், அதன்மேல் முதுநிலைப் படிப்பான எம்.எல்.ஐ.எஸ்சி. சில இடங்களில் இரண்டையும் சேர்த்து ஈராண்டுப் படிப்பாக வைத்திருக்கிறார்கள். சென்னை, அண்ணாமலை, அழகப்பா பல்கலைக்கழகங்களில் துறை இருக்கிறது. முடிந்தால் பெங்களூரில் உள்ள ஆவணப்படுத்தல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். இந்திய நூலகத் துறையின் முன்னோடி, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1962இல் தொடங்கியது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் நடக்கிறது, கணினிப் பட்டதாரிக்குப் பொருந்திவரும். முதுகலையும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் முடித்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதியம் தரும் கல்லூரியில் நூலகராகவோ பல்கலைக்கழகத்தில் உதவி நூலகராகவோ சேர்ந்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த இடங்கள் கொஞ்சம். பொது நூலகத் துறைக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வரும், அடிக்கடி வராது. நடுவில் பலரும் போய் நிற்பது சுயநிதிக் கல்லூரிகளில், தொகுப்பூதியத்தில். அங்கே நூலகரை அலுவலக எழுத்தராகவும் தேர்வு மேற்பார்வையாளராகவும் பயன்படுத்துவார்கள். அதை மட்டுமே நம்பி இந்தப் படிப்பில் இறங்கவேண்டாம். கூடவே நூலகப் பட்டியலை நிர்வகிக்கும் கோஹா, மின்னாவணங்களைச் சேமிக்கும் டிஸ்பேஸ் என்ற இரண்டு மென்பொருளிலும் கைப்பழக்கம் இருந்தால் ஆய்வு நிறுவனம், பதிப்பகம், ஆவணக் காப்பகம், மின்னூல் நிறுவனம் என்று நாலு கதவு திறக்கும். தொலைநிலையில் சேர்ப்பதானால் அந்த ஆண்டுக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை வைக்கலாம். கோஹா இலவச மென்பொருள்தான், மகளின் மடிக்கணினியில் நிறுவச் சொல்லுங்கள். லினக்ஸ் இயங்குதளம் கேட்கும், கணினிப் பட்டதாரிக்கு அது பெரிய வேலையில்லை. வீட்டில் இருக்கும் புத்தகங்களில் ஐம்பதை எடுத்து முறைப்படி உள்ளிடட்டும். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்து எங்கே வரும், புனைபெயரை எதில் சேர்ப்பது, மொழிபெயர்ப்பாளரை எங்கே காட்டுவது என்று பத்தாவது புத்தகத்திலேயே சந்தேகம் கிளம்பும். அதைத் தேடிப்பிடித்துத் தீர்க்க அவளுக்கு ஆசை வந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். நிம்மதியாக உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கலாம் என்பதுதான் அவள் கணக்கு என்றால், ஐ.டி. வேலைக்கே அனுப்புங்கள், படிப்பதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளட்டும்.

சேர்க்கை அறிவிப்புகள் பெரும்பாலும் பட்டத் தேர்வு முடிவுகளை ஒட்டி வரும். மாற்றுச் சான்றிதழ், தற்காலிகப் பட்டச் சான்று, சாதிச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே எடுத்துவையுங்கள். நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் அதற்கும் முன்பே முடிந்துவிடக்கூடும், அந்தத் தேதியை மகளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.