வில்லுக்கத்தி: வடிவா, வேலையா?

மாங்குளத்தில் பப்பாசித் தோட்டம் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்து வைத்த இரண்டு வில்லுக்கத்திகளில், அதாவது மடக்குக் கத்திகளில், ஒன்றுக்கு அலையலையான டமாஸ்கஸ் கோலமும் கொம்புப் பிடியும், மற்றதற்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. எதை வாங்குவது என்பதுதானே கேள்வி?

தோட்டத்துக்குக் கறுப்புப் பிடிதான். மலிவுக் கத்திகளில் அந்த அலைக்கோலம் பெரும்பாலும் மேலே அரித்துப் போட்டதுதான். உள்ளே என்ன உருக்கு என்று அது சொல்லாது.

கடையில் முதலில், விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டைப் பாருங்கள். விரித்துப் பூட்டி, விரல்களை விலக்கிப் பிடித்து, அலகின் முதுகைப் பலகையில் மெல்லத் தட்டுங்கள். மடங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பிறகு கையை நனைத்துப் பிடித்துப் பாருங்கள். நானும் ஒருக்கால் மினுக்கமான பித்தளைப் பிடிக்கு மயங்கினவன்தான். வியர்வைக் கையில் வழுக்கி வயலுக்குள் விழுந்ததை இரண்டு நாள் சேற்றில் துழாவினேன். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

துருப்பிடிக்காத உருக்காக எடுங்கள். கரிம உருக்கு நல்ல கூர் பிடிக்கும், தீட்டவும் சுகம். ஆனால் பப்பாசிப் பால் பட்டபடியே மடக்கி வைத்தால் கறுத்துப்போகும். எங்கள் செம்மண் புழுதி மடிப்பு ஆணிக்குள் ஏறும்; முதுகுப்பக்கம் திறந்த பிடி என்றால் கழுவுவது லேசு.

வடிவும் வேண்டுமென்றால் பிரான்சின் ஒப்பினெல் நிறுவனத்தின் எட்டாம் நம்பர் கத்தி: 8.5 செ.மீ. அலகு, மரப்பிடி, வளையப் பூட்டு. மாரியில் மரம் ஊதி அலகு இறுகும், அவ்வளவுதான்.